வளைவில் நிறுத்தச் சொன்ன குரல்

அக்காவின் கல்யாணக் கேசட் இன்னும் எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்கும் பெட்டி பழுதாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. அட்டை உறையில் மணமக்கள் பெயர், அதைச் சுற்றி ரோஜாப்பூ. யார் கையிலாவது அது அகப்பட்டால் "அய்யோ, பழைய ஞாபகம்" என்று சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. என் சித்தப்பாவின் பிழைப்பைக் காப்பாற்றியிருக்க வேண்டிய கேசட் அது. காப்பாற்றவில்லை.

சித்தப்பா வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டி வேறொருவருடையது, ஆனால் அதைத் துடைத்து, பொட்டு வைத்து, ஸ்டியரிங்குக்கு உறை தைத்துப் போட்டது எல்லாம் அவர்தான். அப்பா தங்கச் சுரங்கத்தில் ஷிஃப்ட் பார்த்தவர், சித்தப்பாவுக்குக் கூண்டில் ஏறிக் கீழே இறங்கும் வேலையே ஆகாது. "கேஜுல எறங்கி இருட்டுல போறதுக்கு, வெளிச்சத்துல ரோடு பாத்து போறேன்" என்பார். எங்கள் ஊர் நந்திதுர்க்கில் எந்த வீட்டுக் கல்யாணம் என்றாலும் வண்டிக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள், ஏனென்றால் கிழவிகள் அவர் வண்டியில் ஏறினால் வாந்தி எடுக்க மாட்டார்கள். அவருக்கு இதைவிடப் பெரிய நற்சான்றிதழ் தேவைப்படவில்லை. சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஊரே கலங்கியிருந்த அந்த வருஷங்களில், எங்கள் வீட்டில் கவலையில்லாமல் தூங்கிய ஒரே ஆள் அவர்தான்.

மாப்பிள்ளை வீடு பேத்தமங்களா. பெண்ணழைப்புக்கு மத்தியானமே கிளம்பிவிட்டோம். சித்தப்பாவுக்குப் பக்கத்து சீட்டில் வீடியோ அண்ணன் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊரில் பாதிக் கல்யாணங்களை எடுத்தவர் அவர். பெண் வீட்டு வாசலில் தொடங்கி மாப்பிள்ளை வீட்டு வாசல் வரைக்கும் வழி முழுக்க எடுத்துக்கொண்டு போவது அவர் வழக்கம், ரோட்டோரத்து எருமையைக்கூட விடமாட்டார். கேமராவைத் தோளில் வைத்து முன்கண்ணாடி வழியாக எடுத்துக்கொண்டே வந்தார். ஏரிக்குப் பக்கத்தில் சாலை ஒடிந்து திரும்பும் ஒரு வளைவு உண்டு. திரும்பின உடனே ஒரு எஸ்.ஐ.யும் கான்ஸ்டபிளும் நின்று கையைக் காட்டினார்கள். சித்தப்பா வேகத்தைக் குறைத்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சார், வளைவு சார், பின்னாடி வர்றவனுக்கு வண்டி தெரியாது. கொஞ்சம் முன்னாடி போயி ஓரம் கட்டிடறேன்" என்றார். "இல்லே நில்ஸு" என்றார் எஸ்.ஐ. இங்கேயே நிறுத்து என்று கன்னடத்தில் மூன்று முறை சொன்னார், மூன்றாவது முறை லத்தியால் கதவில் தட்டினார். சித்தப்பா நிறுத்தினார். அடுத்து எஸ்.ஐ.யின் பார்வை கேமராமேல் விழுந்தது, "அதை எறக்கு" என்றார். அண்ணன் மடியில் இறக்கிக்கொண்டார், ஆனால் அணைக்கவில்லை. கான்ஸ்டபிள் நம்பர் பிளேட்டைப் பார்க்க வண்டிக்குப் பின்னால் போனார். அப்போதுதான் வளைவைத் திரும்பி ஒரு லாரி வந்தது.

லாரி இடித்ததில் வண்டிக்குள் இருந்த எங்களுக்குக் குலுங்கியதோடு சரி, சீர்த்தட்டுகள் கவிழ்ந்தன. கான்ஸ்டபிளுக்குக் கால் முறிந்துவிட்டது, பாவம். அவரை ரோட்டோரத்தில் படுக்கவைத்து அக்கா சீர்த்தட்டிலிருந்த ஒரு துண்டால் காலைக் கட்டினாள். போலீஸ்காரருக்கே அடிபட்டுவிட்ட பிறகு யாராவது ஒருவர் குற்றவாளியாக வேண்டுமே. வளைவில் தன் இஷ்டத்துக்கு வண்டியை நிறுத்தினார் என்று சித்தப்பாமேல் கேஸ் எழுதினார்கள். லாரிக்காரனும் அதற்கே தலையாட்டினான். லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். சித்தப்பா கலங்கவில்லை. "கேசட்டுல எல்லாம் கீது. அவரு சொன்னது, நான் சொன்னது, கதவத் தட்டனது, எல்லாம்" என்று சொல்லிக்கொண்டே கல்யாணத்தன்றும் பந்தியில் நின்று பரிமாறினார். கேமராவைப் போலீஸ் தேடவில்லை என்பதே எங்களுக்குப் பெரிய அதிர்ஷ்டமாகத் தெரிந்தது.

இனி நடந்ததைச் சொல்லும்போதுதான் எனக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. அந்தக் காலத்தில் கல்யாண வீடியோவை மிக்ஸிங்குக்காக பெங்களூர் அனுப்புவார்கள். அங்கே பூ விழும், நட்சத்திரம் பறக்கும், ஆரம்பம் முதல் முடிவு வரை சினிமாப் பாட்டு ஓடும். கல்யாணத்தில் உண்மையில் கேட்ட சத்தத்தை யாரும் வைத்துக்கொள்வதில்லை, அத்தைகளின் சண்டையை யார் கேட்பது? அது முடிந்ததும் எடுத்த ஒரிஜினல் கேசட்டை அழித்து அடுத்த கல்யாணத்துக்கு வைத்துக்கொள்வார்கள். வீடியோ அண்ணன் நல்லவர். "போலீஸ் வர்ற எடத்த மட்டும் கட் பண்ணிடாதீங்க" என்று மிக்ஸிங்காரர்களிடம் ஒன்றுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர்களும் வெட்டவில்லை. ஒரு சின்னத் துண்டுகூட வெட்டாமல், மேலே ஒரு டூயட்டைப் போட்டுக் கொடுத்தார்கள். சத்தத்தைப் பற்றி இவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஒரிஜினலில் அதற்குள் வேறு யாரோ தாலி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

வக்கீல் வீட்டு டி.வி.யில் அதைப் பார்த்தோம். எஸ்.ஐ. கையைத் தூக்குகிறார், வாயை அசைக்கிறார், டூயட் ஓடுகிறது. படம் மடியில் இறங்கி, டாஷ்போர்டும் சித்தப்பாவின் முழங்காலும் தெரிகிறது, டூயட் ஓடுகிறது. வக்கீல் தன்னையறியாமல் விரலால் தாளம் போட்டார். "மெதுவா போன்னும் கைய காட்டியிருக்கலாம்பாங்க. வாய்ல வந்தது இன்னான்னு இதுல இல்லியேப்பா" என்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடியும் என்று யோசனை சொன்னார். செய்யாததை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார் சித்தப்பா. லைசென்ஸ் திரும்பி வருவதற்குள் வேன் வேறு டிரைவர் கைக்குப் போய்விட்டது. வந்த பிறகும் அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. விடிகாலையில் மாரிகுப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூரில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். வீட்டில் எப்போது கேசட் போட்டாலும் அந்த இடம் வரும்போது அவரே கன்னடத்தில் சொல்வார்: "இல்லே நில்ஸு." மூன்று முறை. பிறகு டம்ளரால் நாற்காலிக் கையில் ஒரு தட்டு. விருந்தாளிகள் சிரிப்பார்கள். எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருக்கும்.

போன மாதம் பேத்தமங்களாவுக்கு ஒரு காரியமாக வாடகைக் காரில் போனேன். அதே வளைவு, அதே இடத்தில் போலீஸ். என் கை தானாக செல்போனை எடுத்தது. "வளைவு சார், கொஞ்சம் முன்னாடி நிறுத்தட்டுமே" என்றேன். "இல்லே நில்ஸு" என்றார், அவர் பிறப்பதற்கு முன்பே யாரோ சொல்லிக்கொடுத்து வைத்த மாதிரி. லாரி எதுவும் வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கிளம்பிய பிறகு டிரைவர் பையன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க வீடியோ எடுத்துக்கினு போயிடுவீங்க. நாளைக்கு நான் இதே ரோட்ல வரணும். என் வண்டி நம்பரு அவருக்குத் தெரியும்" என்றான். போனைப் பைக்குள் வைத்தேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

அன்று மாலை சித்தப்பாவிடம் காட்டினேன். காது மந்தமாகிவிட்டதால் போனைக் காதோடு வைத்துக்கொண்டார். படத்தைப் பார்க்கவே இல்லை. மறுபடி போடு என்றார், மறுபடி. பீரோவைத் திறந்து அந்தக் கேசட்டை எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு தடவை கேட்டார். "நல்லா கேக்குது பாப்பா. வார்த்த வார்த்தையா கேக்குது" என்றார். பக்கத்திலிருந்த அக்கா மகன் எட்டிப் பார்த்து, "சூப்பரா கீது சின்ன தாத்தா, எனக்கு அனுப்பச் சொல்லுங்க, ஒரு பாட்டு வெச்சி ரீல்ஸ் போட்டுடறேன்" என்றான்.

சித்தப்பா போனை அவனிடம் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பாட்டு வேணாம்டா" என்றார்.