அண்ணி மனப்பாடம் செய்த தமிழ்

என் அண்ணி கங்கம்மாவுக்குத் தமிழ் வராது என்று யாராவது சொன்னால் எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். வராதாவது! நாங்கள் பேசும் ஒவ்வொரு சொல்லும் அவளுக்குப் புரியும். திருப்பித் தமிழில் பேசமாட்டாள், அவ்வளவுதான். அவள் வாய் தெலுங்குக்குப் பழகிய வாய்.

பூதிகோட்டைப் பக்கத்திலிருந்து கோலார் தங்கவயல் மைசூர் மைன்ஸுக்குத் தயிர் கொண்டுவந்து விற்றவள் அவள். என் அண்ணன் அப்பாதுரை சுரங்கத்துக்குள் இறங்கி பம்பு ரிப்பேர் பார்க்கிற ஃபிட்டர். தயிர் வாங்கினானோ இல்லையோ, தயிர்க்காரியையே கட்டிக்கொண்டு வந்துவிட்டான். புத்த விகாரையில் பஞ்சசீலம் சொல்லிக் கல்யாணம் நடந்தது. போட்டோகூட எடுக்கவில்லை. வீட்டில் அண்ணன் தமிழில் கேட்பான், அண்ணி தெலுங்கில் பதில் சொல்வாள். சண்டையும் அப்படித்தான். எங்கள் லைன் வீடுகளில் இதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

பிறகு அண்ணன் இங்கிலாந்தில் ஒரு ஃபவுண்டரி வேலைக்குக் கப்பலேறினான். சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றான். வருஷங்கள் போயின. எழுபதாம் வருஷம் லீவில் வந்தவன், இந்தத் தடவை கையோடு கூட்டிக்கொண்டுதான் போவேன் என்று அண்ணிக்கு விசா கேட்டு எழுதிப் போட்டான். மெட்ராஸிலிருக்கும் பிரிட்டிஷ் ஆபீஸுக்கு நேரில் வரச் சொன்னார்கள். விசா கிடைக்காவிட்டால் அவன் தனியாகத்தான் திரும்ப வேண்டும். இங்கேயே இருந்துவிடலாமென்றால், சுரங்கத்தில் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த லீவு எப்போது கிடைக்கும் என்று அவனுக்கே தெரியாது.

இதற்கு நடுவில் வந்து சேர்ந்தான் பெரியசாமி. ராபர்ட்சன்பேட்டையில் டைப் அடித்துக் கொடுப்பவன். ஊரிலிருக்கிற சட்டமெல்லாம் தன் விரல் நுனியில் இருப்பதாக அவனுக்கு நினைப்பு.

"அவங்க பாக்கறதே இதான் அப்பாதுரை. புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் ஒரே பாஷையா, இல்லியான்னு. வேற வேற பாஷைன்னு தெரிஞ்சிதுன்னா, கல்யாணமே பொய், சீமைக்குப் போறதுக்காக கட்டிகினாங்கன்னு எழுதிடுவான். ஃபாரத்துல ரெண்டு பேருக்கும் தமிழ்னே போட்டுட்டேன். அங்க போயி இது வாய்ல ஒரு வார்த்தை தெலுங்கு வரக்கூடாது."

"இன்னாய்யா இது, பொய் சொல்லச் சொல்ற?" என்றேன் நான்.

"யசோதா, உனக்குத் தெரியாது. நீ சும்மா இரு."

அண்ணனும் அவன் பேச்சைத்தான் கேட்டான். அண்ணி உட்கார்ந்து மனப்பாடம் செய்தாள். அடுப்பில் களி கிண்டும்போதுகூட, "நானும் என் கணவரும் இல்லத்தில் தமிழிலேயே உரையாடுகிறோம்" என்று முணுமுணுத்தபடி இருந்தாள். தங்கவயலில் எவன் இப்படிப் பேசுகிறான்? கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மெட்ராஸில் அண்ணனை முதலில் தனியாகக் கூப்பிட்டு விசாரித்து வெளியே அனுப்பினார்கள். அடுத்து அண்ணி. துணைக்கு நானும் உள்ளே போகலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்றார்கள். என்னிடம் போய் அப்படிச் சொன்னார்கள்!

மேசைக்குப் பின்னால் வெள்ளைக்கார அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்ப்பதற்கு மெட்ராஸ்காரர் ஒருவர். வீட்டில் என்ன பாஷை பேசுவீர்கள் என்று அவர் கேட்டதும் அண்ணி கடகடவென்று ஒப்பித்தாள். ஒரு எழுத்து பிசகவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

"உங்க வீட்டுக்காரர் விரும்பிச் சாப்பிடறது என்னம்மா?" என்று கேட்டார் அவர்.

இது மனப்பாடத்தில் இல்லை. அண்ணிக்குக் கேள்வி புரிந்துவிட்டது. கருவாட்டுக் குழம்பு இல்லாவிட்டால் அண்ணன் தட்டைத் தள்ளிவிடுவான் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? பதில் தொண்டை வரை வந்து நின்றது எனக்கே தெரிந்தது. அது தெலுங்கில் அல்லவா வரும்! அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அவர் இங்கிலாந்துக்குப் போறதுக்கு முன்னாடி எங்க வேலை செஞ்சார்?"

அண்ணி முந்தானையை முறுக்கினாள். அதிகாரி எழுதினார். இன்னும் ஏதோ கேட்டார்கள். அண்ணி மறுபடியும், "நானும் என் கணவரும் இல்லத்தில்..." என்று ஆரம்பித்தாள். ஐயோ! எழுந்து கத்தலாமா என்று வந்தது. கத்தினால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள், அவள் தனியாகிவிடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அண்ணனை உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி சொன்னதை மெட்ராஸ்காரர் எடுத்துச் சொன்னார்: "தமிழ்தான் பேசுவோம்னு ரெண்டு பேரும் சொல்றீங்க. இந்த அம்மாவுக்கு அந்த ஒரு வரியைத் தவிர வேற ஒண்ணும் சொல்லத் தெரியல. நீங்க சேர்ந்து வாழ்ந்தீங்கன்னு ஐயாவுக்கு நம்பிக்கை வரல."

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. பயம் வந்தால் அவனுக்குக் கோபமும் கூடவே வரும். அண்ணி பக்கம் திரும்பினான்.

"இன்னாமே, வாயத் தொறந்து சொல்லேன்! வூட்ல லைன் பூரா கேக்கற மாதிரி கத்துவியே, இங்க இன்னா வந்துச்சி உனக்கு?"

அவ்வளவுதான்.

"நீக்கு புத்தி உந்தா?" என்று அண்ணி வெடித்தாள். அப்புறம் நிற்கவே இல்லை. புத்தியிருந்தால் அந்தப் பெரியசாமி பேச்சைக் கேட்பாயா என்று தெலுங்கில் கேட்டாள். நீதானே ஒரு வார்த்தை தெலுங்கு வரக்கூடாது என்றாய் என்றாள்.

"உன் நல்லதுக்குத்தானே சொன்னேன்!" என்றான் இவன் தமிழில்.

எது நல்லது, இத்தனை வருஷம் என்னை விட்டுப் போனதா என்றாள் அவள் தெலுங்கில்.

"சும்மாவா போனேன்? அங்க நெருப்புல வேகறேன்!"

இருவரும் மேசையை மறந்தார்கள், அதிகாரியை மறந்தார்கள். பிறகு அண்ணியின் குரல் திடீரென்று உடைந்தது. மெதுவாக ஏதோ சொன்னாள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு மெட்ராஸ்காரரைப் பார்த்தார். அவர் தனக்குத் தெலுங்கு தெரியாது என்று தலையாட்டினார். நீயே சொல் என்பதுபோல் அதிகாரி அண்ணனைக் காட்டினார்.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தமிழில் சொன்னான். "ஒரு தபா சொரங்கத்துல பாறை வெடிச்சி வூடெல்லாம் ஆடிச்சி சார். நான் உள்ள இருந்தேன். இவ ஷாஃப்ட் வாசல்ல போயி நின்னுகினா. ஆளுங்கள ஏத்திகினு கேஜ் மேல வர்றப்பல்லாம் நான் இருக்கனான்னு பாத்து பாத்து அழுதாளாம். அன்னிக்கி நான் எந்த பாஷையில அழுதேன்னு நீ கேட்டியான்னு கேக்கறா சார்."

மெட்ராஸ்காரர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி அண்ணியைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"இவர் சொன்னது சரியான்னு கேக்கறார்மா."

அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தெலுங்கில் ஒரு வரி சொன்னாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். நான்தான் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தேன். "ஒண்ண வுட்டுட்டானாம் சார். இவன் கேஜ்லேர்ந்து எறங்கனதும், அத்தினி பேரு எதிர்ல, அண்ணி ஓங்கி ஒரு அறை குடுத்துச்சி. அத சொல்லல."

அதிகாரி சிரிக்கவில்லை. அண்ணனையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தார். ஃபாரத்தில் தமிழ் என்று இருந்த இடத்தை அடித்து, பக்கத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். போய்வரலாம், விசா கொடுக்கிறோம் என்று மெட்ராஸ்காரர் சொன்னார்.

ஊரில் பெரியசாமி தன்னால்தான் கிடைத்தது என்று இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறான். கிடக்கட்டும்.

அன்று வெளியே வந்ததும் அண்ணி படியிலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். "அதான் குடுத்துட்டாங்களே, இன்னாத்துக்கு அழுவற?" என்று அண்ணன் அவள் பக்கத்தில் குந்தினான். அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே என்னெ வுட்டுட்டுப் போவாத," என்றாள்.

யாரும் சொல்லிக்கொடுக்காத தமிழ். எங்கள் வீட்டுக்கு வந்த நாளாக அவள் வாயிலிருந்து நான் கேட்காத தமிழ். அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "போனு, போனு" என்று தெலுங்கில் சொன்னான். போகமாட்டேன் என்று அர்த்தம்.