நன்றி சொன்ன பேனர்

அன்று மாலை வகுப்பில் பட்டாசுத் தொழிலாளர்களின் பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். மரியா அக்கா மட்டும் இல்லை. ஸ்பெயினிலிருந்து சுற்றுலா வந்தவர், சம்பளம் வாங்காமல் எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார்.

வகுப்பை நடத்தியவன் நான். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன். சிவகாசிப் பக்கம் காதுகுத்துக்கும் பேனர் அடிப்போம். "மூன்று மாதமாக இலவச சேவை செய்யும் மரியா அக்காவுக்கு நன்றி" என்று அவர் படத்தோடு அடித்து, பேருந்து நிறுத்தத்தில் பெருமையாகக் கட்டினேன்.

அதைப் பார்த்து விசாரிக்க வந்த அதிகாரி சொன்னார்: "தம்பி, காசு வாங்காட்டியும் சுற்றுலா விசாவுல ஒரு மாசத்துக்கு மேல தொண்டு செய்யக் கூடாது. நீங்களே மூணு மாசம்னு எழுதிக் கட்டியிருக்கீகளே!"

அக்காவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போகும்போது என்னைத் திட்டவில்லை. பேனரில் இருந்த தன் பெயரைத் தமிழில் எழுத்துக்கூட்டிப் படித்துச் சிரித்தார்.

"அண்ணே, அக்கா எப்ப வருவாக?" என்று அன்று வகுப்பில் முத்துச்செல்வி கேட்டாள். அந்தப் பேனருக்குப் பிள்ளைகள்தான் மிட்டாய்க் காசைச் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். மொத்தம் நானூறு ரூபாய்.