வெர்னா ரிவர்ஸ் எடுத்த கதை

சாயங்காலம் ஆனால் கேரவன் பார்க்கில் எல்லோரும் மடக்கு நாற்காலியைப் பாதையைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். கையில் பீர், நடுவில் ஒரு தட்டு சீஸ். பார்த்தால் காற்று வாங்குகிற மாதிரி இருக்கும். உண்மையில் வேடிக்கைக்குத்தான் காத்திருப்பார்கள். புதிதாக வருகிறவர் காருக்குப் பின்னால் கோத்து இழுத்துவந்த தன் கேரவனை, அந்தச் சக்கர வீட்டை, தனக்கு ஒதுக்கிய இடத்தில் ரிவர்ஸில் விட்டாக வேண்டும். புருஷன் ஓட்டுவான், பெண்டாட்டி பின்னால் நின்று கை காட்டுவாள். "லெஃப்ட்டுன்னா யாரு லெஃப்ட்டு? உன்னுதா, என்னுதா?" என்று ஒரு சத்தம் கேட்டுவிட்டால் போதும், நாற்காலிக்காரர்களுக்கு அன்றைய பொழுது நன்றாகப் போய்விடும்.

வெர்னா ஹார்ட்விக் கை காட்டுகிற கட்சி. தெற்கு ஆஸ்திரேலியாவில் லாக்ஸ்டன் ஊர்க்காரி. பள்ளிக்கூடத்தைச் சின்ன வயதிலேயே விட்டுவிட்டுத் திராட்சை பறிக்கப் போனவள். ஆரஞ்சுத் தோட்டக்காரன் கெல்வினைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் பள்ளிக்கூட கேன்டீனில் பிள்ளைகளுக்கு சாண்ட்விச் போட்டுக் கொடுத்தே பாதி ஆயுசு போயிற்று. பழம் பறிக்கிற காலத்தில் ஊரைவிட்டு நகர முடியாது, பறிக்காத காலத்தில் மரத்துக்குத் தண்ணீர் விடவேண்டும். ஆகவே இரண்டு பேரும் எங்கேயும் போனதில்லை. தோட்டத்தை விற்ற கையோடு கெல்வின் ஒரு பழைய குட்டி கேரவனை வாங்கிவந்தான். வெள்ளையாக, உருண்டையாக இருந்ததால் அதற்கு முட்டை என்று பேர் வைத்தார்கள். அடுப்பு உண்டு, கட்டில் உண்டு. ஒருவர் நிமிர்ந்தால் இன்னொருவர் உட்கார வேண்டும்.

முட்டையை ஓட்டுவது கெல்வின்தான். வெர்னா ஒரு நாளும் கேட்டதில்லை, அவனும் கொடுத்ததில்லை.

அப்படிச் சில வருஷம் சுற்றிய பிறகு ஒரு தடவை மேற்கே எஸ்பரன்ஸுக்குக் கிளம்பினார்கள். மகள் தான்யாவுக்கு அங்கே பெண் குழந்தை பிறந்திருந்தது. எல்சி என்று பேர். மாப்பிள்ளை டீன் சுரங்கத்தில் வேலை பார்க்கிறவன், விமானத்தில் போனால் இரண்டு வாரம் கழித்துத்தான் வீட்டுக்கு வருவான். தான்யா கைக்குழந்தையோடு தனியாக இருந்தாள். வீடோ தீப்பெட்டி மாதிரி. வீட்டுப் பக்கத்தில் கார் விடுகிற சந்தில் முட்டையை நிறுத்தி அதிலேயே தங்குவது, குழந்தை தவழுகிற வரைக்கும் கூடவே இருப்பது என்று வெர்னா முடிவு பண்ணியிருந்தாள். அவசரமே இல்லாமல் போனார்கள். கடல் தெரிந்த இடத்தில் எல்லாம் கெட்டிலை வைத்து டீ குடித்தார்கள்.

ஸ்ட்ரீக்கி பே என்கிற கடலோர ஊரில்தான் வினை வந்தது. கெல்வின் கூடாரக் கயிறு தடுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மகன் கிரெக் அடிலெய்டிலிருந்து போன் பண்ணினான்.

"அம்மா, நான் பிளேன்ல வந்து முட்டைய ஊருக்கு ஓட்டிட்டுப் போயிடறேன். நீயும் அப்பாவும் பிளேன்லயே எஸ்பரன்ஸ் போங்க. ஒரு வாரம் பாப்பாவப் பாத்துட்டு வந்துடுங்க."

"ஒரு வாரமா? அதுக்குள்ள அவ என் மூஞ்சிய மறந்துடுவா."

"வேற யாரும்மா ஓட்டுவா?"

"நான்தான்டா."

கிரெக் மெதுவாகச் சொன்னான். "ஓட்டிடுவ. ரிவர்ஸ் எடுப்பியா? தான்யா வீட்டுச் சந்து உனக்குத் தெரியும்ல? ஒரு பக்கம் பக்கத்து வீட்டுச் சுவர், ஒரு பக்கம் எலுமிச்ச மரம். நேரா உள்ள விட்டா காரு உள்ள மாட்டிக்கும், வெளிய எடுக்க முடியாது. தெருவுல நிறுத்தித் தங்கறதுக்கு கவுன்சில்காரன் விடமாட்டான்."

"அங்க போயிப் பாத்துக்கலாம்."

"முடியலன்னா சொல்லு, அன்னிக்கே கெளம்பி வரேன்."

முடியலன்னா ஒரு வாரம். முடிந்தால் குழந்தை தவழுகிற வரைக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு வெர்னா சாவியைத் திருப்பினாள்.

மேற்கே போகிற நல்லர்பார் ரோடு ஒரு தயாளமான ரோடு. மரம் கிடையாது, வளைவு கிடையாது, ரிவர்ஸும் கிடையாது. ரோட்டோரக் கடைகளில் எல்லாம் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போய்விடலாம். முதல் நாள் அவள் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறியிருந்தன. மூன்று பெட்டி கோத்த பெரிய லாரி எதிரே வந்தபோதெல்லாம் முட்டை ஒரு குலுக்கு குலுங்கியது. போகப்போகப் பழகிவிட்டது. எதிர்வண்டிக்காரன் ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கினால் அவளும் பதிலுக்கு ஒற்றை விரலைத் தூக்கினாள். கெல்வினுக்கு இத்தனை வருஷம் அவர்கள் போட்ட வணக்கம் இப்போது அவளுக்கு வந்தது.

பின்னால் வந்த லாரிக்காரன், வண்டிக்கு வண்டி பேசிக்கொள்கிற ரேடியோவில் கூப்பிட்டான். "முன்னாடி போற வெள்ள உருண்ட, கேக்குதா? தாண்டிக்கலாமா தலைவரே?"

"தலைவர் கைய ஒடிச்சிக்கிட்டு சும்மா உக்காந்திருக்காரு" என்றாள் வெர்னா. "தலைவிதான் ஓட்டறேன். எதிர்ல ஒண்ணும் இல்ல, வாங்க."

தாண்டிப் போனதும் அவன் மறுபடி பேசினான். "நூல் புடிச்ச மாதிரி ஓட்டறீங்கக்கா."

அடுத்த டீக்கு நிறுத்தினபோது வெர்னா அந்த "நூல் புடிச்ச மாதிரி"யைக் கெல்வினிடம் இரண்டு தடவை சொல்லிக்காட்டினாள்.

மேற்கு மாநில எல்லையைத் தாண்டி, பூச்சி பரவும் என்று, பழமும் தேனும் கொண்டுபோகக்கூடாது. தெரிந்தும் கெல்வின் தன் வீட்டுக் கொல்லையில் மிச்சம் வைத்திருந்த மரத்து ஆரஞ்சை ஒரு பை நிறையக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தான். ஒற்றைக் கையால் உரிக்க முடியாது என்பதால் எல்லைக்கு முன்னால் வண்டியை ஓரம்கட்டி, வெர்னா உரித்து உரித்துக் கொடுக்க, குப்பைத்தொட்டிக்குப் போகவிடக்கூடாது என்று வீம்பாகத் தின்றான். அப்புறம் எல்லையைத் தாண்டி வெகுதூரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

"உன் பழத்துக்கு இவ்வளவு மரியாத உலகத்துல யாரும் குடுத்ததில்ல" என்றாள் வெர்னா.

"சிரிக்க வைக்காத, வலிக்குது."

அந்த ரோடு முடிகிற நார்ஸ்மன் ஊருக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம். நாற்காலிகள் எல்லாம் போட்டாயிற்று. கேரவன் பார்க்கில் மிச்சம் இருந்தது ஒரே இடம், இரண்டு பெரிய கேரவன்களுக்கு நடுவில். அதுவும் ரிவர்ஸில்தான் போக வேண்டும்.

கெல்வின் இறங்கிப் பின்னால் போனான். அதுவரைக்கும் அவன் ஜென்மத்தில் கை காட்டியதில்லை. வெர்னா காட்டுகிற சைகை எல்லாம் அவளாகவே கண்டுபிடித்தது. இடுப்பைத் தட்டினால் வா, தலையில் கை வைத்தால் நில். கெல்வின் அதை எல்லாம் பார்த்து ஓட்டியிருக்கிறானே தவிரப் போட்டுப் பார்த்ததில்லை. மாவுக்கட்டுக் கையைத் தூக்கினால் வலித்தது, இன்னொரு கையில் நாலு திசையையும் காட்டினான்.

"எங்க நிக்கற? கண்ணாடியில தெரியல!"

"இங்கதான் நிக்கறேன்!"

"இங்கன்னா எங்க?"

நாற்காலிகள் நிமிர்ந்து உட்கார்ந்தன.

"வா, வா, வா... ஐயோ, போ!"

முட்டை போய்த் தண்ணீர்க் குழாயில் உட்கார்ந்தது. குழாய் சாய்ந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது. கெல்வின் தலையிலிருந்து கால் வரைக்கும் நனைந்தான். மாவுக்கட்டை மட்டும் சட்டைக்குள் விட்டுக் காப்பாற்றிக்கொண்டான். யாரோ கை தட்டினார்கள்.

பாரி என்று ஒருவர் பீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். நல்ல மனுஷர்தான். "நகருங்கக்கா, நான் விட்டுத் தரேன்" என்றார். ஒரே இழுப்பில் விட்டும் கொடுத்தார். எல்லோரும் அவருக்கும் கை தட்டினார்கள். பார்க்குக்காரர் வந்து குழாயைச் சரிபண்ணிவிட்டு, மாசத்துக்கு ஒருத்தராவது இதை இடிக்காமல் போனதில்லை என்று ஆறுதல் சொன்னார்.

வெர்னா உள்ளே போய் ஒரு பட்டாணி டின்னைத் திறந்து வாணலியில் கொட்டினாள். முகம் அடுப்பைவிடச் சூடாக இருந்தது.

கெல்வின் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டான். "கண்ணு, கிரெக்கக் கூப்பிட்டுடலாமா?"

"நீ நின்ன எடம் சரியில்ல."

"சரியில்லதான். ஒத்துக்கறேன். கூப்பிடலாமா?"

"பாரி எறங்கிப் பாத்தானா?"

"என்னது?"

"ரிவர்ஸ் எடுக்கறப்ப எறங்கிப் போயிப் பாத்தானா, பின்னாடி என்ன இருக்குன்னு?"

கெல்வின் சிரித்தான். "எறங்கிப் பாத்தா மானம் போச்சே. ஆம்பள எவனும் எறங்க மாட்டான். அதுக்குத்தான் பொண்டாட்டி நிக்கறா."

"அப்ப நான் எறங்குவேன்" என்றாள் வெர்னா. "எனக்கு ஏது ஆம்பள மானம்?"

காலையில் ஊர் ஃபுட்பால் மைதானத்துக்குப் பக்கத்துக் காலி இடத்துக்கு முட்டையைக் கொண்டுபோனார்கள். தங்கள் மடக்கு நாற்காலிகள் இரண்டையும் நட்டு, இதுதான் சுவர், இதுதான் எலுமிச்சை மரம் என்று வெர்னா வைத்துக்கொண்டாள். கெல்வின் விளக்கப் பார்த்தான்.

"பின்னாடி லெஃப்ட்ல போகணும்னா நீ ரைட்ல திருப்பணும். அப்புறம் கொஞ்சம் விட்டு, மறுபடி... அது எப்படின்னா... கை தானா பண்ணும்."

"உன் கை மாவுக்கட்டுல இருக்கு. போயி அந்த நெழல்ல உக்காரு. வாய்க்கும் ஒரு கட்டுப் போட்டுக்க."

அவன் போனதும் அவளுக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. கொஞ்சம் நகர்த்துவாள். நிறுத்துவாள். ஹேண்ட் பிரேக். இறங்கிப் போய்ப் பார்ப்பாள். திரும்பி வந்து ஏறுவாள். சுவர் நாற்காலி ஒரு தடவை செத்தது. எலுமிச்சை நாற்காலி பல தடவை செத்தது. அவசரப்பட்டால்தான் முட்டை முறுக்கிக்கொண்டது, தவழுகிற வேகத்தில் போனால் சொன்ன பேச்சைக் கேட்டது. கையை ஸ்டியரிங்கின் அடியில் வைத்தால் கை போகிற பக்கமே முட்டையின் வால் போகிறது என்பதைத் தானாகவே கண்டுபிடித்தாள். கெல்வினைக் கூப்பிட்டு இது தெரியுமா என்று கேட்டாள். அவன் உட்கார்ந்து, இடது கையை அடியில் வைத்துத் திருப்பிப் பார்த்து, "அட, ஆமா, இப்படித்தான் பண்றேன் போல" என்றான்.

மத்தியானத்துக்குள் இரண்டு நாற்காலியும் சாயாமல் முட்டை நடுவில் போய் நின்றது. குருட்டாம்போக்கில் வந்ததா என்று பார்க்க மறுபடியும் எடுத்தாள். மறுபடியும் நின்றது. அதன்பிறகு ஒரு டீ குடித்துவிட்டு எஸ்பரன்ஸுக்குக் கிளம்பினார்கள்.

தான்யா வீட்டுத் தெருவில் அன்று சனிக்கிழமை. எதிர் வீட்டுக்காரர் புல் வெட்டுகிற மெஷினை நிறுத்தினார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி காபிக் கோப்பையோடு அந்தச் சுவர்மேல் சாய்ந்துகொண்டாள். தான்யா குழந்தையை ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"அம்மா, டீன் ஃப்ரெண்டு ஒருத்தரு இருக்காரு, வந்து விட்டுத் தரேங்கறாரு."

"வந்தா டீ குடுத்து உக்கார வை" என்றாள் வெர்னா. "கெல், நீயும் போயி உக்காரு."

முதல் தடவை இறங்கிப் பார்த்தாள். எலுமிச்சைக்குப் பக்கம். முன்னால் எடுத்து மறுபடி விட்டாள். இறங்கிப் பார்த்தாள். சுவர் ஆன்ட்டி "இன்னும் எடமிருக்கு" என்றாள். "நானே பாத்துக்கறேன், நன்றி" என்று சொல்லிவிட்டுத் தானே கையை நீட்டி அளந்தாள். புல் வெட்டுகிறவர் பொறுமை இழந்து, "அம்மா, இப்படி எறங்கி ஏறிட்டிருந்தா ராத்திரி ஆயிடும்" என்றார்.

"எனக்கு குளிர்காலம் முடியற வரைக்கும் வேற ஜோலி இல்லங்க."

தெருவே சிரித்தது, அவளும் சிரித்தாள்.

முட்டை பாதி உள்ளே, பாதி வெளியே, கார் தெருவுக்குக் குறுக்கே. அப்படி நின்றபோது குழந்தை அழ ஆரம்பித்தது. பசி அழுகை இல்லை, சும்மா ஒரு கூப்பிடு. வெர்னா ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள், எஞ்சினை அணைத்தாள், இறங்கினாள். பின்னால் போய்ப் பார்ப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் நேரே வாசலுக்குப் போனாள். எல்சியைக் கையில் வாங்கினாள். மூக்கை மோந்தாள், காதை மோந்தாள், சின்னக் காலை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ஒரு கார் வந்து நின்று காத்திருந்தது. ஹார்ன் அடிக்கவில்லை.

"இருடி தங்கம். வீட்ட நிறுத்திட்டு வந்துடறேன்."

குழந்தையைத் தான்யாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பப் போய் ஏறினாள். கையை ஸ்டியரிங்கின் அடியில் வைத்தாள். முட்டை சுவருக்கும் மரத்துக்கும் நடுவே ஊர்ந்து ஊர்ந்து உள்ளே போனது. ஒரு எலுமிச்சை இலைகூட உதிரவில்லை. அதற்குப் பிறகும் ஒரு தடவை இறங்கிப் போய்ப் பார்த்தாள், கண் குளிர.

கெல்வின் இடது கையால் கேரவன் சக்கரத்துக்குக் கட்டை வைத்தான். போன் அடித்தது, கிரெக்.

"அப்பா, என்னாச்சு? டிக்கெட் போடவா?"

"போடு, போடு" என்றான் கெல்வின். "சும்மா வந்து பாத்துட்டுப் போ. உங்கம்மா எப்படி நிறுத்தியிருக்கான்னு நீ நேர்ல வந்து பாக்கணும்டா. போட்டோல எல்லாம் தெரியாது."