கஸ்பரின் படங்கள் குடிபோன கதை

கந்தப்பளைக் கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் கஸ்பர், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆனாலும் சுற்றியுள்ள தோட்டங்களில் அவர் கமரா இல்லாமல் தாலி ஏறியது குறைவு. சிரிக்கச் சொல்லிக் கெஞ்சுகிற பழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது. "மூஞ்ச நேரா வைய்யி" என்பார், அவ்வளவுதான்.

பதினாறு வருசத்துக் கல்யாணங்கள், போட்டோவும் வீடியோவுமாக, கடையின் பின்னறையில் ஒன்பது ஹார்ட் டிஸ்க்குகளில் கிடந்தன. போன மழையில் பின்னால் இருந்த மண்மேடு சரிந்து, சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. டிஸ்க்குகள் சேற்றுத் தண்ணீரில் ஊறின. அதெல்லாம் ரொம்ப நாள் தாங்காது என்று நுவரெலியாவில் பழுதுபார்க்கிறவர் கையை விரித்துவிட்டார். படங்களை இனி இந்த மேட்டுக்குக் கீழே வைக்கக் கூடாது என்று மனைவி டோரீன் ஒற்றைக்காலில் நின்றாள். கிளவுட் என்கிறார்களே, தூரத்தில் எங்கோ இருக்கிற பெரிய கம்ப்யூட்டர்களில் வாடகைக்கு இடம் பிடிப்பது, அதைத் தேட வேண்டியதாயிற்று.

இரண்டு பேர் விலை சொன்னார்கள். ஒன்று நுவரெலியாக் கம்பனியில் வேலை செய்கிற ஷிராணி. றொசல்லப் பக்கத்துப் பிள்ளை. கேட்ட நிமிசமே படம் கைக்கு வரும் என்றது, விலையும் அதற்கேற்ற உயரம். மற்றது கொழும்பிலிருந்து போனில் பேசிய திலக்ஷன். அதில் கால்வாசி விலைதான். போட்டு வையுங்கள், வேண்டுமென்றால் கேளுங்கள், வரும் என்றான். எப்போது வரும் என்று கஸ்பர் கேட்கவில்லை. ஆல்பம் கொடுத்து முடிந்த கல்யாணத்தை இனி எவன் கேட்டு வரப்போகிறான் என்பது அவர் நினைப்பு. ஒரு மாதம் பார்க்கலாம் என்று திலக்ஷனிடம் ஏற்றத் தொடங்கினார். முதல் டிஸ்க்கை ஏற்றி முடித்த மறுநாளே அது மூச்சை விட்டது. நல்ல நேரத்தில் ஏற்றினோம் என்று இரண்டு நாள் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாரம், காலை எட்டு மணிக்கு, தோட்டத்து மேல் டிவிசனிலிருந்து ஜீவராணி ஓடி வந்தாள். மாமனார் முத்துலிங்கம் விடியற்காலையில் தவறிவிட்டார். நாலு மணிக்கு எடுப்பு. பெட்டிக்கு முன்னால் வைக்க ஒரு படம் வேண்டும், சந்தியில் கட்டுகிற பேனருக்கும் அதே படம் வேண்டும். மனுசன் ஆயுசு முழுக்கக் கமராவைக் கண்டாலே ஒதுங்கிப் போனவர்.

"ஐடி கார்டு படம் இருக்குண்ணே. அதுல திருடன் மாதிரி இருக்காரு. அத வெச்சா மாமியா என்னையும் சேத்து பொதைச்சிரும்."

இது அந்தப் பக்கத்தில் புதிதல்ல. தனக்கென்று ஒரு படம் எடுத்துக்கொள்ளாமலே வயதாகிப் போகிறவர்கள் எத்தனையோ பேர். செத்த அன்றைக்கு, அடுத்தவன் கல்யாணப் படத்தின் ஓரத்திலிருந்துதான் முகத்தை வெட்டி எடுக்க வேண்டும். யார் எந்தக் கல்யாணத்தில் எந்த ஓரத்தில் நின்றார்கள் என்பது கஸ்பருக்கு மனப்பாடம்.

"கஜேந்திரன் கல்யாணம். சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்துல கரண்டியோட நின்னு சிரிக்கிறாரு."

ஆனால் அந்தக் கல்யாணம் முதல் டிஸ்க்கில் இருந்தது. கம்ப்யூட்டரில் கேட்டார். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தயாராகும் என்று பதில் வந்தது. திலக்ஷனுக்குப் போன் போட்டார். அந்த விலைக்கு அப்படித்தான், ஆழத்தில் கிடக்கிறதை மேலே கொண்டுவர நேரமெடுக்கும் என்றான் அவன்.

"நாலு மணிக்கு எடுக்குறாங்க தம்பி."

"யார எடுக்குறாங்கண்ணே?"

கஸ்பர் போனை வைத்துவிட்டார். கமராவைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் கஜேந்திரன் வீட்டுக்குப் போனார். ஆல்பம் இருந்தது. ஈரத்தில் படம் மேல்தாளோடு ஒட்டிக்கிடந்தது. பிரித்தால் முத்துலிங்கத்தின் மூக்கு கையோடு வந்துவிடும். அப்படியே எடுக்கலாமென்றால், வீட்டுக்குள் லைட் வெளிச்சம் தாளில் பளீரென்று அடித்தது. ஆல்பத்தை வாசலுக்குக் கொண்டுவந்தார். வெளியே மூட்டம் இறங்கியிருந்தது. அந்த மங்கல் வெளிச்சத்தில் பளபளப்பு அடங்க, மனுசன் தெளிவாகச் சிரித்தார். இரண்டரை மணிக்குப் பேனர் சந்தியில் ஏறியது.

கஸ்பர் குழிக்கு மண் போட்டுவிட்டு வந்து வாசலில் கால் கழுவும்போது போன் சிணுங்கியது. நீங்கள் கேட்டது தயார் என்று செய்தி. டோரீன் வாங்கிப் படித்தாள்.

"குழிய மூடுன பொறகு படம் தர்றானாம், நல்ல லட்சணம்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் கஸ்பர் ஷிராணிக்குப் போன் போட்டார். விலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"செத்த வீட்டுக்காரங்க கடை வாசல்ல வந்து நிக்கிறாங்கன்னு வைய்யி. படம் எப்ப வரும்?"

ஷிராணி விளக்கம் கேட்கவில்லை. "அவங்க கொடைய மடக்குறதுக்குள்ள வந்துரும்ண்ணே."

நம்பிவிடவில்லை அவர். திலக்ஷனிடமிருந்து பிந்தி வந்த கஜேந்திரன் கல்யாணத்தை ஷிராணியிடம் ஏற்றி, ஒரு படத்தைக் கேட்டார். தட்டிய விரலை எடுக்குமுன்னே முத்துலிங்கம் கரண்டியோடு வந்து நின்றார். அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்.

கணக்கை மூடச் சொல்லத்தான் அழைக்கிறார் என்று பயந்துகொண்டே திலக்ஷன் போனை எடுத்தான்.

"மூட வேணாம். போட்டோ பூரா அங்க போகுது. வீடியோ ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்றார் கஸ்பர். "ஒவ்வொண்ணும் மூணு மணி நேரம் ஓடும். அத அவசரமா கேட்டு இந்தக் கடைக்கு இன்னும் ஒருத்தனும் வரல."