அண்ணன் கையிலிருந்த விளக்கு

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் இந்த நினைவு மலரில் தம்பி எழுதுகிறேன். ஓராண்டு ஆகிவிட்டது என்கிறார்கள். ஆகியிருக்கும்.

அண்ணன் சிவகிரியில் விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது அப்பா காலமானார். அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து லாரி ஓட்டி என்னைப் படிக்கவைத்தார். ஓய்வு பெற்ற பின் தென்காசியில் அண்ணன், அவர் மனைவியான மதினி, நான் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். பழைய கார் ஒன்றை வாங்கி, சீசனில் குற்றாலத்துக்கு ஆள் ஏற்றினார். எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்தவர்கள் சொட்டச் சொட்ட வந்து ஏறுவார்கள். அண்ணன் முகம் சுளித்ததில்லை. சீட்டில் பழைய வேட்டியை விரித்து, "ஏறுங்க அண்ணாச்சி, காஞ்சிரும்" என்பார்.

காருக்கு ஆயில் மாற்றுவது போன்ற வேலைகளை வீட்டுத் தகரக் கொட்டகையில் தானே செய்வார். தொடங்குமுன் மோதிரத்தையும் வாட்சையும் கழற்றிவிடுவார். பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிடுவார். பட்டாளத்தில் ஒருவருடைய மோதிரம் ஸ்பேனருக்கும் பேட்டரிக்கும் நடுவில் மாட்டிப் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டதைக் கண்ணால் பார்த்தவர் அவர். அதனால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பேட்டரியைக் கண்டால் பயம். கை விளக்கைக் கண்டு யாரும் பயப்படவில்லை.

அது இரும்புக் கூடும் இரும்புப் பிடியும் உள்ள விளக்கு. கொட்டகையில் இருந்த பிளக் பாயின்டில் இரண்டு துளைதான். அதற்காக விளக்கின் மூன்று பின் பிளக்கை வெட்டிவிட்டு இரண்டு பின் பிளக்கை மாட்டியவன் நான்.

"எர்த் வயரை என்னலே பண்ணுன?" என்று அண்ணன் கேட்டார்.

"மடக்கி டேப் சுத்திட்டேன். லைட்டு எரியுதுல்லாண்ணே?"

"சரி, சீசன் முடியட்டும். புது பாயின்ட் போட்டிருவோம்."

சீசன் முடியவில்லை. அது நடந்த அன்று மதியம் சாரல். கொட்டகை இருட்டிக் கிடந்தது, தரை முழுக்க ஈரம். அண்ணன் விளக்கைப் பிடித்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்திருந்தார். நான் கடையிலிருந்து டின்னோடு வந்து, "அண்ணே, ஆயில் வந்துட்டு" என்றேன். வெளியே தெரிந்த கால்கள் விறைத்து நடுங்கின. டின்னைப் போட்டுவிட்டுக் காலைப் பிடித்து இழுக்கக் குனிந்தேன்.

"தம்பி, தொடாதிய!"

மதினியின் குரல். அவர் கத்தி நான் அதுவரை கேட்டதில்லை. அப்படியே நின்றுவிட்டேன். மதினி ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து, "இப்ப இழுங்க" என்றார்.

விளக்குக்குள் வயர் நுழையும் இடத்தில் மேலுறை கிழிந்திருந்ததை எலக்ட்ரீசியன் பிறகு காட்டினார். கூட்டில் ஏறிய கரண்டு போக எர்த் இல்லை. அண்ணன் உடம்பு வழியாகத் தரைக்குப் போயிருக்கிறது.

பக்கத்து வீட்டு ஆட்டோவில் அண்ணனை ஏற்றினோம். எதிர்வீட்டு நர்ஸம்மா அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டே போனார். மதினியும் ஏறியதும் எனக்கு இடமில்லை. கொட்டகைக்குத் திரும்பினேன். காருக்கு அடியில் பழைய ஆயில் சட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது. குனிந்து போல்ட்டை இறுக்கினேன். துணியால் துடைத்தேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. அப்போது மதினி போன் செய்தார். "உங்க அண்ணன் போய்ட்டாவ, தம்பி."

எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், "அந்தப் பிளக்கை மாத்துனது நாந்தான் மதினி" என்றேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"தெரியும். நீங்க மாத்தும்போது டார்ச் அடிச்சது நாந்தான?"

இந்த மலருக்கு நான் எழுத உட்கார்ந்தபோதும் அவர்தான் சொன்னார்: "நல்ல மனுசன்னு எல்லாரும் எழுதுவாவ. நீங்க அந்த வயரைப் பத்தி எழுதுங்க. படிக்கவங்க வீட்டுல போய்ப் பாக்கட்டும்."

பாருங்கள். காருக்கு அடியில் போக பேட்டரி விளக்கு போதும். ஈரத் தரையில் வயரை இழுக்காதீர்கள். எர்த்தை வெட்டாதீர்கள். கரண்டு கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் இப்போது இருக்கிறது.

ஆட்டோ ஓட்டிய பக்கத்து வீட்டுக்காரருக்கும், நர்ஸம்மாவுக்கும், ஆலங்குளத்திலிருந்து வந்து போலீஸ், ஆஸ்பத்திரி வேலைகளையெல்லாம் பார்த்துக்கொண்ட அத்தானுக்கும், அண்ணனின் பட்டாள நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மதினிக்கு நேரில் நன்றி சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. அவர் அன்று கத்தியிராவிட்டால் இந்த மலரின் அட்டையில் இரண்டு படங்கள் இருந்திருக்கும்.