மஞ்சள் வேட்டிக்குப் பின்னால் வந்த வேன்

கத்திரி வெயிலில் பாகூரிலிருந்து வேன் பிடித்து, வேண்டுதலுக்காக ஏற்காடு போனோம். மே மாதம்தானே என்று விசிறியும் மோரும் எடுத்துப்போயிருந்தோம். மலையிலோ மத்தியானமே மழை பெய்து, திரும்பும் வழியில் மூடுபனி வேனைச் சுற்றி அடைத்துக்கொண்டது. அரியூர் ஆஸ்பத்திரியில் என் மகளுக்குப் பிரசவ வலி என்று அதற்குள் போன் வந்துவிட்டது.

டிரைவர் ஒல்லியான மனிதர், நரைத்த மீசை. அடிக்கடி இறங்கி, பனிக்குள் கொஞ்ச தூரம் நடந்து பார்த்துவிட்டுத் திரும்புவார்.

"இன்னாப்பா, கெளம்பமாட்டியா?" என்றேன்.

"ரோடே தெரியல சாமி. திட்டு, வாங்கிக்கிறேன். ஓட்டமாட்டேன்."

"அங்க பொண்ணு துடிக்குதுப்பா."

நான் விரதத்துக்குக் கட்டியிருந்த வேட்டியைப் பார்த்தார். "மஞ்சளா கீது. நீ முன்னாடி நட. அது தெரியிற வரைக்கும் பின்னாடியே வர்றேன்."

முருகா என்று நடந்தேன். வேன் ஊர்ந்து வந்தது. வளைவுகள் பல தாண்டிப் பனி விலகியதும் போன் அடித்தது. பேரன் பிறந்திருந்தான். தாயும் பிள்ளையும் சுகம். ஓடிப்போய் டிரைவரிடம் சொன்னேன். அவர் எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்தார்.

"இதான் சாமி எனக்கு மொத மலை," என்றார்.

அவர்மேல் கோபப்படுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.