கோலுக்கா, முன்னாடிக்கா?

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். பல் போய்விட்டது, கோபம் போகவில்லை. எங்கள் கால்பந்து அணிக்கு என்னைத் தலைவனாக்கியதே அந்தக் கோபத்துக்குப் பயந்துதான் என்று என் மனைவி சொல்வாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கொல்லிமலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் நான் மேஸ்திரி. மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. ஆட்களில் பாதிப்பேர் எங்கள் எடப்புளி நாடு, மீதிப்பேர் பைல் நாடு. துரை ஒரு தோல் பந்தைக் கொண்டுவந்து போட்டு, நாட்டுக்கு ஒரு அணி என்று பிரித்துவிட்டார். அதுவரை சந்தையில் பார்த்தால் வெற்றிலை மாற்றிக்கொண்டவர்கள், அதற்கப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனோம். அவர்கள் எதற்குத் திருப்ப வேண்டும், ஜெயித்தவர்கள் சிரித்துக்கொண்டுதான் போனார்கள். திருப்பியது நாங்கள்தான். நான்கு ஆட்டம் ஆடி நான்கிலும் தோற்றிருந்தோம்.

வேலை மணி அடித்த பிறகுதான் ஆட்டம் தொடங்கும். முதல் பாதியில் நன்றாகவே ஆடுவோம். இரண்டாம் பாதியில் வெயில் மேற்குக் கரட்டுக்குப் பின்னால் இறங்கும். அதோடு எங்கள் கோலுக்குள் பந்து விழத் தொடங்கும். கோலுக்கு நின்றவர் என் மச்சான், என் மனைவியின் அண்ணன். நல்ல வாட்டசாட்டமான ஆள். அவர் கையை விரித்து நின்றால் பந்து போக வழியே இருக்காது என்று நம்பி நான்தான் அங்கே நிறுத்தினேன்.

நான்காவது தோல்வி முடிந்து இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தோம். கோழிகூட இன்னும் அடையவில்லை. பிறந்ததிலிருந்து நடக்கிற பாதையில், பக்கத்திலிருந்த கல்கட்டில் நேராகப் போய் நெற்றியை மோதிக்கொண்டார். ரத்தம் வழிந்தது. எனக்கு ஏற்கனவே தோற்ற எரிச்சல். "ஏனுங்க மச்சான், கள்ளுக் குடிச்சீங்களா?" என்று கத்தினேன்.

அவர் அப்படியே கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். "பொழுது சாஞ்சா எனக்குக் கண்ணு தெரியறதில்லீங்க மாப்பிள்ளை. ரெண்டு வருசமாச்சு."

மாலைக்கண். முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல், வைத்தியன் சொன்ன பச்சிலை எல்லாம் தின்று பார்த்தும் கேட்கவில்லையாம். இதில் கொடுமை என்னவென்றால், மனுசனுக்குத் தோட்டத்தில் வேலையே இராக்காவல்தான். காப்பிக்கொட்டை காயப்போடும் களத்துக்கு அவர்தான் காவல்காரர். இரண்டு நாயையும் பெண்டாட்டியையும் கூட வைத்துக்கொண்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்திருக்கிறார். நாய் குரைக்கிற பக்கம் தடியைத் தட்டுவாராம். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்புறம் கோலுல எதுக்குங்க நிக்கறீங்க?"

"அங்க நின்னாத்தானுங்க கண்ணு நல்லாயிருக்குதுன்னு எல்லாரும் நெனைப்பாங்க."

பங்காளிச் சண்டையில் அவருடைய காட்டு நிலம் கைவிட்டுப் போயிருந்தது. நான்கு பிள்ளைகள். அந்தக் காவல் வேலைதான் அந்த வீட்டு அடுப்பை எரித்தது. யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். என் மனைவிக்கு மட்டும் தெரியும். தங்கச்சிக்குத் தெரியாமல் இருக்குமா?

அந்த மாதமே சிக்கல் வந்தது. தோட்டத்தில் கற்சுவர் கட்டக் கீழே சேந்தமங்கலம் பக்கமிருந்து புது ஆட்கள் வந்தார்கள். துரை ஒரு ஏற்பாடு சொன்னார். தோற்ற அணி முதலில் ஒரு ஆளை எடுத்துக்கொள்ளலாம், அடுத்தவனை ஜெயித்த அணி எடுக்கும். எடுக்கும்போதே அவனை எந்த இடத்தில் நிறுத்தப்போகிறோம் என்று எல்லாருக்கும் முன்னால் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் ஏற்கனவே நிற்பவன் விலக வேண்டும், ஏன் விலக்குகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். துரைக்கு அதெல்லாம் ஒரு வேடிக்கை.

வந்தவர்களில் தேறுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவன் சேலத்தில் ஒரு மில் அணிக்குக் கோலில் நின்றவன், பந்து அவன் கையில் ஒட்டிக்கொள்ளும். இன்னொருவன் ஓட்டக்காரன், காலில் பந்து இருந்தால் அவனைப் பிடிக்க ஆள் கிடையாது. நாங்கள் ஒருவனை எடுத்தால் மற்றவன் பைல் நாட்டுக்குப் போவான். கோல்காரனை எடுத்தால் மச்சானை ஏன் விலக்குகிறோம் என்று துரை முன்னால் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஆட்கள் கூடிப் பேசினார்கள். பேச்சா அது, கோழிச்சண்டை. பாதிப்பேர் முன்னாடி ஓடுகிறவன் வேண்டும் என்றார்கள். தச்சு வேலை செய்யும் ஒருவன் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. நன்றாக ஆடுவான், வாய் மட்டும் தேள் கொடுக்கு.

"ஓட்டைப் பானையில எத்தனை தண்ணி ஊத்துனா என்னப்பா நிக்கும்? நாம ரெண்டு போட்டா, அங்க மூணு உழுகுது. மொதல்ல கோலை அடைக்கோணும்."

"அடைக்கறதெல்லாம் அப்புறம். போடறதுக்கு ஆளு வேணும்" என்றேன்.

"மச்சானுக்கு வக்காலத்தா?"

எழுந்து அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். நான்கு பேர் சேர்ந்துதான் பிரித்தார்கள். மச்சான் மூலையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அது தெரிந்ததால்தான் எனக்கு அத்தனை ஆத்திரம்.

கடைசியில் ஒருவர், "எதுக்கப்பா அடிச்சுக்கறீங்க, ஆத்தாகிட்டப் பூக் கேட்டுருவோம்" என்றார். எங்கள் பக்கம் பெண் எடுப்பது, கிணறு வெட்டுவது எல்லாமே பூக் கேட்டுத்தான். செவ்வரளி ஒரு பொட்டலம், வெள்ளரளி ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்து அம்மன் முன்னால் போடுவார்கள். சின்னக் குழந்தை ஒன்று அதில் ஒன்றை எடுக்கும். வருகிற பூதான் அவள் உத்தரவு. அதற்குமேல் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. வெள்ளை வந்தால் முன்னாடிக்கு ஆள், சிவப்பு வந்தால் கோலுக்கு ஆள் என்று முடிவானது. பந்தாட்டத்துக்கு ஆள் எடுக்கவும் பூக் கேட்ட கூட்டம் நாங்களாகத்தான் இருப்போம்.

வெள்ளிக்கிழமை காலை. முதல்நாள் முழுக்க என் மனைவி சோறு போடும்போதெல்லாம் ஒரே பேச்சுத்தான். "ஏனுங்க, எங்கண்ணன் சோத்துல மண்ணைப் போட்டுறாதீங்க."

பொட்டலம் மடிப்பது கேட்கிறவன் வேலை. கோயிலுக்குப் பின்னால் தனியாகப் போய் மடிக்க வேண்டும். கையில் இரண்டு நிறப் பூவும் இருந்தது. அம்மன் பேரில் ஆணையாக, அங்கே போகிறவரை எனக்கு அந்த எண்ணமே இல்லை. சிவப்பைப் பார்த்தேன். அந்த நான்கு பிள்ளைகள் முகம்தான் தெரிந்தது. சிவப்பைக் கசக்கிப் புதருக்குள் எறிந்துவிட்டு, இரண்டு பலா இலையிலும் வெள்ளையையே வைத்து மடித்தேன். அவசரத்தில் நார் இரண்டு தடவை அறுந்துபோனது.

பூசாரியின் பேத்தி எடுத்துக் கொடுத்தாள். பிரித்தார்கள். வெள்ளை. ஆட்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தச்சுக்காரன்கூட, "ஆத்தாளே சொல்லிட்டா, சரி" என்று தலையை ஆட்டினான். இன்னொரு பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. அம்மன் காலடியிலேயே விட்டுவிடுவது வழக்கம். எல்லாரும் கிளம்புகிறவரை நான் அதைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

மறுநாள் மதியம் மச்சான் என் வீட்டுக்கு வந்தார். தண்ணீர்கூட வாங்கவில்லை. மடியிலிருந்து ஒரு பலா இலையை எடுத்து என் முன்னால் வைத்தார். பிரித்திருந்தது. வாடிய வெள்ளரளி.

"மனசு கேக்கலீங்க. போயி அந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்துப் பார்த்தேன்" என்றார். "ஆத்தாகிட்டயே பொய் சொல்லிட்டீங்களே மாப்பிள்ளை. எனக்காகங்களா?"

எனக்கு வந்ததே கோபம். "பின்ன யாருக்குங்க? எனக்காகவா? இத்தனையும் பண்ணிட்டு உங்ககிட்டப் பேச்சும் வாங்கோணுமா?"

அவர் வாசலில் விளையாடிக்கொண்டிருந்த என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் பாவம் உங்க புள்ளைங்க தலையில வந்து உழுந்தா நான் உசுரோட இருந்து என்னங்க பண்றது?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். என் மனைவி அடுப்படியிலிருந்து வரவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகலில் ஆள் எடுப்பு. துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கணக்கப்பிள்ளை, இங்கே பேசுவதை அங்கே சொல்வதற்கு. புது ஆட்கள் வரிசையாக நின்றார்கள். எங்கள் அணி ஒரு பக்கம், பைல் நாடு ஒரு பக்கம். என்னைக் கூப்பிட்டார்கள். ஓட்டக்காரனைக் கைகாட்டி, "முன்னாடிக்கு..." என்று தொடங்கினேன்.

"இல்லீங்க" என்று பின்னாலிருந்து குரல். மச்சான் வரிசையைவிட்டு முன்னால் வந்துவிட்டார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தார். "கோலுக்கு ஆளு எடுங்க மாப்பிள்ளை."

"சும்மா இருங்க மச்சான்!" என்று பல்லைக் கடித்தேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை, கணக்கப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார். "துரைகிட்டச் சொல்லுங்க சாமி. பொழுது சாஞ்சா எனக்குக் கண்ணு தெரியாதுங்க. இத்தனை கோலு உழுந்ததுக்கு நாந்தானுங்க காரணம். மாப்பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது."

கணக்கப்பிள்ளை இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, துரையின் முகத்திலிருந்து வேடிக்கை வடிந்துபோவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி பந்தைப் பற்றியதல்ல. "களத்துக் காவல் யாரு?" என்பதுதான்.

சீட்டு அங்கேயே கிழிந்தது. நான் கெஞ்சினேன். வாழ்நாளில் நான் ஒருவரிடம் கெஞ்சியது அன்றைக்கு மட்டும்தான். கடைசியில், பகலில் களை எடுக்கும் பெண்கள் கூட்டத்தோடு சேர்த்துக்கொள் என்றார். காவல்காரர் கூலியில் பாதிகூட வராத வேலை. பிறகு துரை ஆளை எடுக்கச் சொன்னார். கோலுக்கு என்று சொல்லி மில்காரனை எடுத்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தச்சுக்காரன் என் பக்கம் திரும்பவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

நான் மட்டும் சிவப்பையும் வைத்து மடித்திருந்தால் அந்தப் பெண்குழந்தை வெள்ளையையே எடுத்திருக்கலாம். அம்மன் சொன்னாள் என்று அவர் பேசாமல் இருந்திருப்பார். காப்பாற்றுகிறேன் என்று போய் நானே கெடுத்தேன். இதை எத்தனையோ வருடங்களாக மனதுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன், இன்னும் ஆறவில்லை.

அடுத்த வாரம் ஆட்டம். ஓட்டக்காரன் பைல் நாட்டுக்கு ஆடினான். இரண்டாம் பாதியில் வெயில் இறங்கிய பிறகு மூன்று முறை பந்தோடு எங்கள் கோலுக்கு வந்தான். மூன்று முறையும் மில்காரன் பாய்ந்து பிடித்தான். இரண்டு பக்கமும் கோல் இல்லை. கோலுக்குப் பின்னால் மூங்கில் கம்பைப் பிடித்தபடி மச்சான் நின்றிருந்தார். வரவேண்டாம் என்று சொல்லியும் வந்திருந்தார். முடியப்போகிற நேரம், தச்சுக்காரன் அந்தப் பக்கக் கோலில் ஒன்றைத் திணித்தான். முதல் ஜெயம். ஆட்கள் போட்ட கூச்சல் மலையையே தூக்கிவிடும் போலிருந்தது. என்னைத் தூக்கித் தோளில் வைத்தார்கள். இறக்கிவிடுங்களடா என்று உதைத்துக்கொண்டு இறங்கி எங்கள் கோல் பக்கம் ஓடினேன்.

என் காலடிச் சத்தம் கேட்டு அவர் கையை நீட்டினார். "மாப்பிள்ளைங்களா? யாருங்க போட்டது? நாமளா, அவிங்களா?"

"நாமதானுங்க மச்சான்" என்றேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் முகமெல்லாம் சிரிப்பு. மூங்கிலை விட்டுவிட்டு, ஆட்கள் குதித்துக்கொண்டிருந்த பக்கம் என்று நினைத்து, யாருமே இல்லாத காப்பிக்காட்டைப் பார்த்துக் கை தட்டினார்.